9 மில்லிமீட்டர் பாதையை மீட்டுத் தந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

சனிக்கிழமை விடியற்காலையில் மயிலாப்பூர் அரங்கில், பார்வைக்கு வைக்கவிருந்த எங்கள் மாதிரி ரயிலின் பலகைகள் நனைந்து, தண்டவாளங்கள் பெயர்ந்து கிடந்ததை நான் மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. உடனிருந்தவர்கள் கண்ணால் கண்டீர்கள். மற்றவர்களுக்கு அன்றே செய்தி வந்து சேர்ந்துவிட்டது. முற்பகல் 11 மணிக்கு அரங்கக் கதவு திறந்தபோது என் தந்தை கட்டிய மாதிரி ரயில் தருமபுரியிலிருந்து புறப்பட்டது என்பதையும், ஞாயிறு இரவு வரை ஒருமுறைகூடத் தடம் புரளவில்லை என்பதையும் இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. கை நடுக்கம் அடங்குவதற்கு முன்பே நன்றியை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் திறக்கப்பட்டு, 1913இல் ஓசூர் வரை நீண்ட, தண்டவாளங்களுக்கிடையே 762 மி.மீ. இடைவெளி கொண்ட குறுகிய ரயில் பாதை 1941இல் மூடப்பட்டது. சிறுவயதில் அதில் பயணம் செய்த தாத்தா சொல்லச் சொல்லக் கேட்டுத்தான் அப்பா அதை 1:87 அளவில், அதாவது உண்மையின் 87இல் ஒரு பங்காக, கட்டத் தொடங்கினார். 762ஐ 87ஆல் வகுத்தால் 8.76 வருகிறது, கடையில் கிடைக்கும் 9 மி.மீ. தண்டவாளம் நம் ஊர்ப் பாதைக்கு இவ்வளவு நெருக்கமாக அமைந்ததில் அவருக்குத் தீராத மகிழ்ச்சி. அவர் மறைந்த பின் ஆறு ஆண்டுகளாக நான் பராமரித்து வருகிறேன். சென்னையின் ஈரக்காற்றில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் பிளைவுட் பலகை சிறிது வளைந்து கொடுக்கிறது. தண்டவாளத்தில் படியும் மங்கலை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைக்காவிட்டால், 12 வோல்ட் மின்சாரம் சக்கரத்துக்கு ஏறாமல் என்ஜின் திணறும். இவையெல்லாம் எனக்குப் பழகிய வேலைகள்தாம். ஆனால், இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் தண்டவாள முனைகள் பெயர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பது அப்பாவின் கைகளுக்கு மட்டுமே தெரிந்திருந்தது. சக்கரத்தின் விளிம்பு 1 மி.மீ.க்கும் குறைவு, முனைகள் அரை மி.மீ. விலகினாலே பெட்டி கவிழ்ந்துவிடும். அன்று காலை இரண்டு சந்திப்புகளிலும் எட்டு முனைகளும் விலகிக் கிடந்தன.

அரங்கின் பின்புறச் சந்தில் உள்ள நகைப் பட்டறைக்கு நான் போனது மெல்லிய அரம் ஒன்றை இரவல் கேட்பதற்காக மட்டுமே. பட்டறையில் இருந்த பெரியவர் அரத்தை எடுத்துத் தரவில்லை. எதற்கு என்று கேட்டார். கையில் வைத்திருந்த வளைந்த தண்டவாளத் துண்டைக் காட்டினேன். அதை விரல்நுனியால் தடவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இது ஜெர்மன் சில்வர் ஆச்சே அம்மா, இதில் என்ன ஓட்டுகிறீர்கள்?" என்றார். பூசைத் தட்டும் குங்குமச் சிமிழும் செய்கிற அதே உலோகம்தான். தாமிரமும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த அதில் பெயரைத் தவிர வெள்ளி கிடையாது. நான் அழுகையை அடக்கிக்கொண்டு விவரத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் சாமணம், அரங்கள், மெல்லிய ரம்பம் எல்லாவற்றையும் ஒரு துணியில் சுருட்டி எடுத்துக்கொண்டு என்னோடு புறப்பட்டுவிட்டார். அன்று நண்பகலுக்குள் ஒரு கல்யாண வீட்டுக்குத் தாலிக்கொடி முடித்துத் தரவேண்டியிருந்ததையும், மாலையில் தருவதாக அவர்களிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டதையும் அவருடைய உதவியாளர் சொல்லித்தான் பிறகு அறிந்தேன்.

தண்டவாளத்தின் கீழிருக்கும் கட்டைகள் பிளாஸ்டிக்கால் ஆனவை, சூடு பட்டால் உருகிவிடும் என்று நான் பயந்துகொண்டே சொன்னேன். அவர் பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, சிறு திரிகளாக உருட்டி, பற்றவைக்க வேண்டிய இடத்துக்கு இருபுறமும் தண்டவாளத்தின் மேல் சாமணத்தால் வைத்தார். கல் பதித்த நகைக்குப் பற்றாசு வைக்கும்போது, கல் வெடிக்காமலிருக்க ஈரத்தைக் காவல் வைப்பது வழக்கமாம்; இங்கே கட்டைதான் கல் என்றார். முனைகளைத் தனித்தனியாகச் சரிசெய்ய அவர் முயலவில்லை. பலகைகளைச் சேர்த்து முடுக்கச் சொல்லி, சந்திப்பின் குறுக்கே ஒரே துண்டுத் தண்டவாளத்தை வைத்து, இருபுறமும் உள்ள பித்தளைத் திருகுத் தலைகளில் பற்றவைத்து, ஆறிய பிறகு நடுவில் அறுத்தார். இருபுற முனைகளும் நேர்க்கு நேர் நிற்க இதுவே உறுதியான வழி என்பது, மாதிரி ரயிலை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்த அவருக்கு எவரும் சொல்லாமலே தெரிந்தது. கடைசியாகப் பிசிறை அரத்தால் நீவிவிட்டு, கட்டைவிரல் நகத்தைச் சந்திப்பின் மேல் ஓட்டிப் பார்த்தார். நகம் எங்கும் தட்டவில்லை.

பணத்தை நீட்டியபோது கையைத் தள்ளிவிட்டு, "வண்டி வரட்டும், பார்த்துவிட்டுப் போகிறேன்" என்றார். என்ஜினும் மூன்று பெட்டிகளும் வந்தன. அவர் குனிந்து, சந்திப்பின் அருகே காதை வைத்துக் கேட்டார். ஒரு சிறு டிக் ஒலிகூட இல்லாமல் நான்கும் கடந்து போயின. தலையை அசைத்துவிட்டுக் கருவிகளைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். ஐயா, அப்பாவோடு போய்விட்டது என்று நான் எண்ணியிருந்த கைப்பக்குவத்தை அடுத்த சந்திலேயே கண்டேன். அன்று முழுவதும் கூட்டத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாலும், ஒவ்வொரு முறை வண்டி அந்த இடத்துக்கு வரும்போதும் என் பேச்சு தானாக நின்றது.

நனைந்த பலகைகளை மின்விசிறிக்கு அடியில் மாற்றி மாற்றிப் பிடித்து உலர்த்திய நண்பர்களுக்கும், ரிச்சி தெருவிலிருந்து 12 வோல்ட் அடாப்டரைத் தம் வண்டியிலேயே கொண்டுவந்து கொடுத்த கடைக்காரருக்கும், சலித்த கருங்கல் தூளைப் பாதையில் பரப்பி, நீர் கலந்த பெவிகாலில் ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டுச் சொட்டுச் சொட்டாக ஊற்றி ஜல்லியை மீட்டெடுத்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும், அரங்கத்தை வழக்கத்தைவிட மூன்று மணி நேரம் முன்னதாகத் திறந்துவிட்ட காவலருக்கும், கேட்காமலே தேநீர் அனுப்பிக்கொண்டிருந்த எதிர்க்கடை அக்காவுக்கும் என் மனமார்ந்த நன்றி. பெயர் கேட்க மறந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா தொடங்காமலே விட்டுச் சென்ற பலகை ஒன்று உண்டு. அது மொரப்பூர் நிலையம். சென்னை–சேலம் அகலப் பாதையும் தருமபுரிக் குறுகிய பாதையும் அருகருகே நின்ற இடம் அது. 1:87 அளவுக்குக் கடைகளில் கிடைக்கும் தண்டவாளம் 16.5 மி.மீ.; நம் 1,676 மி.மீ. அகலப் பாதைக்கோ 19.3 மி.மீ. வேண்டும். செம்பு ஒட்டிய கட்டைகளின் மேல் ஒவ்வொரு தண்டவாளத்தையும் கையால் பற்றவைத்துத்தான் அதை உருவாக்க முடியும். என்னால் முடியாது என்று இத்தனை நாள் அதைத் தள்ளிப்போட்டு வந்தேன். வடகிழக்குப் பருவமழை முடிந்து காற்று உலர்ந்ததும் தொடங்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறைக்கு வந்து பற்றவைக்கக் கற்றுக்கொள்ளலாமா என்று பெரியவரிடம் நேற்றுக் கேட்டேன். பஞ்சை மட்டும் நானே கொண்டுவர வேண்டுமாம்.

அன்புடனும் நன்றியுடனும்,
தருமபுரிப் பாதையைக் கட்டியவரின் மகள்