ஒன்பது பத்து வண்டியைத் திருப்பிக் கொடுங்கள்

எங்கள் டிப்போவின் கிளை மேலாளர் அய்யா அவர்களுக்கும், அவருக்கு மேலே உட்கார்ந்து எந்த ஊருக்கு எத்தனை நடை என்று முடிவு செய்யும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

எந்த வழித்தடம் என்பதை இங்கே எழுதவில்லை. எழுதினால் மறுநாளே அந்த ரூட் கண்டக்டரைக் கூப்பிட்டு விசாரிப்பீர்களோ என்று பயம். கோரையாற்றுக்கும் பாமணியாற்றுக்கும் நடுவில், இரவு ஒன்பது பத்துக்கு டவுனில் கிளம்பி, எங்கள் ஊரில் நைட் ஹால்ட் போட்டு, விடிகாலை ஐந்தரைக்கு முதல் நடையாகத் திரும்பிய டவுன் பஸ் என்றால் உங்களுக்கே புரியும். அந்த வண்டியை நிறுத்தியதும் நீங்கள், நாங்கள் கொடுத்த மனுக்களை வாங்கி வைத்திருப்பதும் நீங்கள். ஜமாபந்தியில் ஒன்று கொடுத்தோம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டர் கையிலும் ஒன்று கொடுத்தோம். எங்கே கொடுத்தாலும் அது சுற்றிச் சுற்றி உங்கள் மேசைக்குத்தான் வந்து சேர்ந்தது.

போன வாரம் பதில் வந்தது. வருமானம் போதவில்லையாம், ஆளும் போதவில்லையாம், ஆகவே இரவு நடையை மறுபடி இயக்க இயலாதாம். தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருந்தது. வண்டிதான் இல்லை. அந்தப் பதிலைப் படித்த பிறகுதான் இந்த மடலை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுவதென்று முடிவு செய்தேன்.

ஒன்பது பத்து வண்டியில் யார் வந்தார்கள் என்று டிப்போவில் யாருக்காவது தெரியுமா? எங்கள் ஊர் ஆம்பளைகள் பாதிப் பேரிடம் பைக் இருக்கிறது. அந்த வண்டியை நம்பி இருந்தது டவுன் ஜவுளிக்கடைகளிலும் பாத்திரக்கடைகளிலும் வேலை பார்க்கும் பெண்கள். கடை அடைப்பது ஒன்பது மணிக்கு. ஐந்து நிமிடம் முன்னால் விட்டால் ஓட்டமும் நடையுமாக வந்து ஏறிவிடுவார்கள். யாராவது பின்னால் ஓடி வருவது தெரிந்தால் கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடியே நிற்பார். இப்போது கடைசி வண்டி ஏழேகால். ஏழேகாலுக்கு வண்டி ஏற வேண்டும் என்றால் ஏழு மணிக்குக் கடையை விட்டு வெளியே வர வேண்டும். ஜவுளிக்கடையில் வியாபாரம் சூடு பிடிப்பதே ஏழு மணிக்கு மேல்தான், அய்யா.

எங்கள் தெருவில் ஒரு பெண். பன்னிரண்டாவது முடித்துவிட்டு சேலைப் பிரிவில் நின்றாள். அப்பா நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போகிறவர். வண்டி நின்ற அன்றைக்கு முதலாளியிடம் கேட்டிருக்கிறாள். "ஏழு மணிக்கே கிளம்பறதுன்னா அரை நாள் சம்பளம்தாம்மா வரும்" என்றார் அவர். அவரையும் குறை சொல்ல முடியாது, அவர் கடை நடத்துகிறார். சரி என்று, ஒன்பது மணி வரை வேலை பார்த்துவிட்டு, வெளியூர் போகும் மொபசல் வண்டியில் வந்து மெயின் ரோட்டுப் பாலத்தடியில் இறங்கத் தொடங்கினாள். டவுன் பஸ்ஸில் அவளுக்குக் கட்டணம் கிடையாது. மொபசலில் உண்டு. அதுவும் அந்த வண்டி பாலத்தடியில் நிற்பது டிரைவரின் மனசைப் பொறுத்தது. நிற்காத நாளில் அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடக்க வேண்டும். பாலத்தடியிலிருந்து ஊருக்குள் நாலு கிலோமீட்டர், முழுக்க ஆற்றங்கரைச் சாலை. ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் வயல், நடுவில் விளக்கு என்று ஒன்றும் கிடையாது. அப்பாக்காரர் சைக்கிளையும் டார்ச் லைட்டையும் எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். காலையில் ஆறு மணிக்கு வயலில் இறங்கிய மனுஷன், ராத்திரி பத்து மணிக்குப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து தூங்கி விழுவார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் கரைச் சாலையில் பாம்பு. ஒரு நாள் சைக்கிளோடு இரண்டு பேரும் சரிவில் சறுக்கினார்கள். பெரிய அடி இல்லை. ஆனால் அன்றைக்கே வீட்டில் போதும் என்று சொல்லிவிட்டார்கள். தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. போனஸும் சேலையும் தருகிற நேரத்தில் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தாள்.

நீங்கள் நிறுத்தியது ஒரு நடை. அதோடு அந்த வீட்டில் ஒரு சம்பளமும் நின்றது. இது ஒரு வீட்டுக் கதை. இதே வழியில் இன்னும் சில வீடுகள் இருக்கின்றன, விவரம் மனுவில் உண்டு. ஒன்பது பத்து வண்டியைத் திருப்பி விடுங்கள் என்று நாங்கள் கேட்பது இதனால்தான்.

வருமானம் இல்லை என்கிறீர்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல திட்டம், எங்கள் ஊரில் அதைக் குறை சொல்கிற ஒரு பெண்ணைப் பார்க்க முடியாது. ஏறுகிற பெண் ஒவ்வொருவருக்கும் கண்டக்டர் கட்டணமில்லா டிக்கெட் கொடுக்கிறார். அந்தப் பயணத்துக்கான பணத்தை அரசாங்கம் போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடு செய்கிறது. அப்படியிருக்க, ராத்திரி வண்டியில் கண்டக்டரின் பை கனக்கவில்லை என்று கணக்குப் பார்ப்பது எந்த ஊர் நியாயம்? பையைப் பார்க்காதீர்கள், கிழித்த டிக்கெட்டை எண்ணுங்கள். பெண்களுக்குப் பயணம் இலவசம் என்று பஸ்ஸில் எழுதி ஒட்டியிருக்கிறது. எங்கள் ஊரில் ஏழேகாலுக்கு மேல் அதைப் படிக்கக்கூட பஸ் இல்லை.

ஆள் இல்லை என்பதை நான் நம்புகிறேன். ஓய்வு பெற்றவர்களின் இடத்துக்கு ஆள் எடுக்காமல், இருக்கிறவர்களை இரட்டை டூட்டி பார்க்க வைப்பது எங்களுக்கும் தெரியும். டிரைவர், கண்டக்டர் மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஹால்ட் வண்டியில் வந்தவர்கள் முன்பெல்லாம் கொசுக்கடியில் பஸ் சீட்டிலேயே படுத்தார்கள், காலையில் வெளியே போக ஆற்றங்கரைக்குப் போனார்கள். அது தப்பு என்று ஊரே பேசி, ஊராட்சிக் கட்டடத்தில் ஓர் அறையை ஒழித்து, ஃபேன் மாட்டி, பக்கத்தில் கழிப்பறையும் கட்டிக் கொடுத்தோம். அந்த அறை இன்றும் பூட்டிக் கிடக்கிறது.

ஆள் பற்றாக்குறை என்றதும் எனக்கு எங்கள் பக்கத்து ரயில்தான் ஞாபகம் வருகிறது. திருவாரூர் – காரைக்குடி அகலப்பாதையில் 2019 ஜூனில் வண்டி விட்டபோது லெவல் கிராசிங்குகளுக்கு கேட் கீப்பர்கள் போதவில்லை. என்ன செய்தார்கள்? கேட் கீப்பர்களை ரயிலிலேயே ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு கேட்டிலும் நிறுத்தி, இறங்கி கேட்டை மூடி, வண்டி கடந்ததும் திறந்துவிட்டு மறுபடி ஏறிக்கொண்டு போனார்கள். ஆமை வேகம்தான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்த வண்டி ஓடியது, அய்யா. ஆள் இல்லை என்று கடுதாசி எழுதிவிட்டு உட்காரவில்லை.

அப்புறம் இன்னொன்று கேட்க வேண்டும். பௌர்ணமி கிரிவலத்துக்குத் திருவண்ணாமலைக்கு சிறப்புப் பேருந்து விடும்போது ஆள் கிடைக்கிறது. வேளாங்கண்ணிக் கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரைக்கும் வண்டியும் கிடைக்கிறது, ஆளும் கிடைக்கிறது. கூட்டம் சேர்க்க வேண்டிய விழா எதுவானாலும் காலை ஏழு மணிக்கே எங்கள் கடைத்தெருவில் காலி பஸ் வந்து நிற்கிறது. அந்த வண்டிகள் எந்த ஊர் ரூட்டிலிருந்து கழற்றப்பட்டவை என்பது எங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? சாமி கும்பிடப் போகிறவர்களுக்கு வண்டி விட வேண்டாம் என்று சொல்லவில்லை. நாங்களும் போகிறவர்கள்தான். போய்விட்டுத் திரும்பி வந்து பாலத்தடியில் இறங்கி நடக்கிறவர்களும் நாங்கள்தான். 2020 மார்ச்சில் ஊரடங்குக்காக நிறுத்திய மதிய நடைக்கு எங்கள் ஊரில் இன்னும் ஊரடங்கு விலக்கவில்லை. மழை நாளில் பஸ்ஸுக்குள் குடை பிடிக்கிற கதையை எடுத்தால் இந்த மடல் முடியாது. அதை விட்டுவிடுகிறேன்.

மினி பஸ்ஸுக்கு மனு போடுங்களேன் என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் அன்பாகவே யோசனை சொன்னார். 2025 ஜூனில் முதல்வர் தஞ்சாவூரில் தொடங்கி வைத்த மினி பஸ் திட்டம்தான். வரட்டும், வேண்டாம் என்று சொல்ல நாங்கள் யார்? ஆனால் அது தனியார் வண்டி, காசு கொடுத்துத்தான் ஏற வேண்டும். பகலில் கூட்டம் உள்ள நேரத்துக்கு அவர் ஓட்டுவார். ராத்திரி ஒன்பது மணிக்கு ஜவுளிக்கடைப் பெண்கள் பத்துப் பேருக்காக ஆற்றங்கரையில் அவர் எதற்கு டீசல் எரிக்கப் போகிறார்? கும்பகோணம் ராமன் அண்டு ராமன் வண்டிகளைப் பற்றி எங்கள் பெரியவர்கள் இன்றும் ஆசையாகப் பேசுவார்கள். அந்தக் காலத்துத் தனியார் வண்டியெல்லாம் எங்களுக்கு மெயின் ரோட்டோடு சரி. கரைச் சாலையில் ஊருக்குள்ளே வந்தது அரசு பஸ்தான். லாபம் பார்க்காமல் உள்ளே வருவதற்குத்தானே அரசு பஸ்?

ஹால்ட் நின்றதில் காலை நடையும் சேர்ந்து போனதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஐந்தரை வண்டி இருந்தபோது மாறி ஏறி தஞ்சாவூர் மெடிக்கலுக்கு ஓ.பி. சீட்டு போடும் நேரத்துக்குப் போய்விடலாம். இப்போது முதல் வண்டி ஏழு இருபது. அதில் போனால் டாக்டரைப் பார்ப்பதற்குள் மதியமாகிவிடுகிறது. பால் கேனும் கீரைக்கட்டும் ஏறியது அந்த ஐந்தரையில்தான். ராத்திரி வந்து தங்கினால்தான் காலையில் அது கிளம்பும். ஆகவே நாங்கள் கேட்பது இரண்டு வண்டி அல்ல, ஒரே வண்டி.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பெரிய மனசு பண்ணிப் பொறுத்துக்கொள்ளுங்கள். வேண்டுகோள் இதுதான்: இரவு ஒன்பது பத்து நடையை எங்கள் ஊரில் நைட் ஹால்ட்டுடன் மறுபடி இயக்க உத்தரவிடுங்கள். ஏழு நாளும் முடியாது என்றால் கடை திறந்திருக்கும் நாட்களிலாவது விடுங்கள். கூட்டம் இருக்கிறதா என்று சந்தேகம் இருந்தால் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள், அந்த மாதத்து டிக்கெட் கணக்கை எங்களுக்கும் காட்டுங்கள். ஹால்ட் அறைச் சாவி ஊராட்சி அலுவலகத்தில் இருக்கிறது. டிரைவர், கண்டக்டருக்கு இரவுச் சாப்பாடு ஊர்ப் பொறுப்பு. எந்தத் தேதியிலிருந்து வண்டி வரும் என்பதை பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் அறைக்கு வெளியே இருக்கும் பலகையில் எழுதச் சொல்லுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கோரையாற்றுக்கும் பாமணியாற்றுக்கும் நடுவில் குடியிருக்கும் ஒரு பயணி