இடியப்பம் என்று எழுதலாமா?

அன்புள்ள மச்சான்,

உன் குரல் பதிவு கிடைத்தது. முழங்கால் ஆபரேசன் சுகமாக முடிந்ததில் நிம்மதி. பனி கரையும் வரைக்கும் வெளியே நடக்கிறேன் என்று வீரம் காட்டாதே.

நான் வழக்கம்போலத்தான். காலையில் தேத்தண்ணியோடு உதயன் பேப்பரை விரித்தால் முதலில் மரண அறிவித்தல் பக்கம். "விடியவே செத்த ஆக்களைத் தேடுறியள்" என்று மனுசி புறுபுறுப்பாள். இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் தொடங்கினால் அகப்பையும் கையுமாக நின்று கேட்ட அம்மாவின் பிள்ளை வேறெப்படி இருப்பான்?

வாசிக்கத் தெரிந்தால் அந்தப் பக்கத்தில் எங்கள் சரித்திரமே கிடக்கிறது. 'வேலணையைப் பிறப்பிடமாகவும், ஸ்கந்தபுரம், வவுனியா ஆகிய இடங்களை வதிவிடமாகவும் கொண்ட' என்று கண்டால் சண்டையால் 90இல் தீவை விட்டிருப்பார், 95இல் கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்குப் போயிருப்பார் என்று மனம் கணக்குப் போடும். பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நாடுகள்: கனடா, ஜேர்மனி, லண்டன். (லண்டன் எங்களுக்கு எப்போதும் ஒரு நாடுதான்.)

எனக்கு ஒரு கோபம் மட்டும் உண்டு. ஆம்பிளை என்றால் இளைப்பாறிய தபாலதிபர், முன்னாள் சங்கக் கடை முகாமையாளர் என்று ஏதாவது வரும். பெண் ஆசிரியையாக இருந்தால் தப்பினார். இல்லாவிட்டால் மகள், மனைவி, தாய், மாமி, அம்மம்மா என்று உறவுமுறை முடிய அறிவித்தலும் முடிந்துவிடும்.

ஒழுங்கைக் கடைசி வீட்டு இடியப்பக்கார அக்காவை நினைவிருக்கிறதா? போன மாதம் போய்விட்டார். அறிவித்தல் 14 வரி. இடியப்பம் என்ற சொல்லே இல்லை. செத்தவீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது கவனித்தேன், வலது மணிக்கட்டு இடதைவிடத் தடிப்பு. எத்தனை வருசம் அந்த உரலைப் பிழிந்த கை! நீயும் நானும் சைக்கிளில் போய் நின்றால் சம்பலை வாழையிலையில் தனியாகச் சுற்றித் தருவாரே, அதே கை.

31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு, அதுதான் நினைவுப் புத்தகம், அடிக்கிறார்கள். தமிழ் வாத்தியார் என்பதால் வாழ்க்கைக் குறிப்பு என் தலையில் விழுந்தது. விபரம் கேட்டு ஜேர்மனியிலிருக்கும் மூத்த மகனுக்கு எடுத்தேன். "அம்மா வேலைக்கு ஒண்டும் போகேல்லை சேர், வீட்டிலதான் இருந்தவ" என்றான். "தம்பி, உம்மை அனுப்பின ஏஜென்சிக் காசு எங்கயிருந்து வந்தது?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் மெல்ல, "இடியப்பம் எண்டு போடாதேங்கோ சேர், சம்பந்தி பகுதி வாசிக்கும்" என்றான்.

அவனைப் பிழை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் நீ முந்தி வெட்டி அனுப்பிய கனடாவின் குளோப் அன்ட் மெயில் பேப்பர் துண்டுகளை எடுத்து வாசித்தேன். செத்தவரைப் பற்றி வீட்டாரும் கூட்டாளிகளும் எழுதும் 'லைவ்ஸ் லிவ்ட்' பகுதி. 2001 செப்டெம்பர் தாக்குதலுக்குப் பிறகு நியூயோர்க் ரைம்ஸ் அதில் செத்த ஆக்களைப் பற்றி ஆளுக்கு ஏறத்தாழ 200 சொல்லில் எழுதியதும் இந்த மாதிரித்தானே? பதவியைவிட அந்த மனிதரின் சின்னச் சின்னப் பழக்கங்கள்தான் அவற்றில் கூடுதல்.

சரி என்று எழுதினேன். விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பியது, சிவப்பரிசி மா, மணிக்கட்டில் சுற்றிய பழஞ்சீலை, சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு, எல்லாம். தேவாரத்துக்கு அடுத்த பக்கம் முழுக்க அதுதான். மகனுக்கு அனுப்பிவிட்டு, திட்டப்போகிறான் என்று இரண்டு நாள் போனைத் தொடவில்லை.

நேற்றிரவு பதில் வந்தது. "சேர், மூண்டு மணி இல்லை. ரெண்டரைக்கு எழும்புவா. விளக்கு வெளிச்சம் எங்கட முகத்தில படாமல் கடகத்தை நிமித்தி வைச்சு மறைப்பா. அதையும் சேர்த்துவிடுங்கோ."

சேர்த்துவிட்டேன். இப்போது அச்சகத்துக்கு வெளிக்கிடுகிறேன். அச்சடித்ததும் உனக்கும் ஒன்று வரும்.

உன் பழைய கூட்டாளி