ரென்ஸ் நெஸ்ட் குன்று நடைக்குத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். இங்கிலாந்தின் டட்லி நகரை ஒட்டியுள்ள ரென்ஸ் நெஸ்ட் தேசிய இயற்கைக் காப்பகத்துக்கு இவ்வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து கடந்த ஞாயிறன்று மேற்கொண்ட குளிர்கால நடை, எவருக்கும் ஒரு சிராய்ப்புக்கூட இன்றி இனிதே நிறைவேறியது. அதற்கு உதவிய உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பங்களின் சார்பில் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

முதல் நன்றி காப்பகக் காவலருக்கும் தன்னார்வலர்களுக்கும் உரியது. இரவெல்லாம் உறைபனி கொட்டியிருந்தும், நாங்கள் வந்து சேருமுன்பே படிகளில் உப்பும் மணலும் தூவிவைத்திருந்தீர்கள். மொட்டை மரங்களைப் பார்க்கவா இந்தக் குளிரில் மலையேற வேண்டும் என்று எங்களுக்குள் முணுமுணுப்பு இருந்தது உண்மைதான். ஆனால், கோடையில் தழைகளுக்குப் பின்னே ஒளிந்துகொள்ளும் பாறைகள் முழுமையாகத் தெரிவது இந்தப் பருவத்தில்தான் என்று நீங்கள் சொன்னதை, அலைத்தடப் பாறையின் எதிரே நின்றபோது நாங்களே கண்டுகொண்டோம். 42 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வெதுவெதுப்பான ஆழமற்ற கடலின் தரையில் பதிந்த அலைவரிகள், இன்று செங்குத்தாகச் சாய்ந்து நிற்கும் அப்பாறையில், பள்ளங்களில் மட்டும் பனி தங்கியதால் வெள்ளைக் கோடுகளாகத் துலங்கின.

வழிகாட்டியாக வந்த ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். சுற்றியுள்ள ஊர்களின் இரும்பு உலைகளில் கசடு பிரிக்கத் தேவைப்பட்ட சுண்ணாம்புக்கல்லுக்காகவே இக்குன்றின் இரு பக்கமும் அகழிகளாகவும் குகைகளாகவும் வெட்டப்பட்டதையும், 700க்கும் மேற்பட்ட புதைபடிவ வகைகள் கிடைத்த இவ்விடம் 1956இல் நிலவியல் சிறப்புக்காகவே பிரிட்டனில் அறிவிக்கப்பட்ட முதல் தேசிய இயற்கைக் காப்பகமானதையும், சிறுவர்களுக்கும் விளங்கும்படி எடுத்துரைத்தீர்கள். சுத்தியல் கேட்டு அடம்பிடித்த சிறுமியிடம், பாறையை உடைக்க அனுமதியில்லை, உதிர்ந்து கிடப்பதில் தேடலாம் என்று பொறுமையாகச் சொல்லி, சரளைக் குவியலருகே அவளோடு நீங்களும் குந்தியமர்ந்தீர்களே, அதற்குத் தனி நன்றி. நடுவில் துளையுள்ள பாசிமணி போன்ற கடல் அல்லி என்னும் கடல் விலங்கின் தண்டுத் துண்டு ஒன்று புதைபடிவமாக அவளுக்குக் கிடைத்தது. குவாரித் தொழிலாளர்கள் ‘டட்லி பூச்சி’ என்றழைத்த டிரைலோபைட் என்னும், அழிந்துபோன ஓடுடைய கடலுயிரியின் புதைபடிவம் அன்று எவர் கண்ணிலும் படவில்லை. நீங்கள் பையிலிருந்து எடுத்துக் காட்டிய மாதிரியைக் கையில் வாங்கிப் பார்த்ததோடு பிள்ளைகள் ஆறுதல் கொண்டார்கள்.

குகைகளுக்குள் வௌவால்கள் குளிர்கால உறக்கத்தில் இருப்பதால் வேலியருகே ஓசையின்றிக் கடக்குமாறு காவலர் கேட்டுக்கொண்டார். எங்கள் கூட்டத்துக்கு அது எளிய காரியமன்று. எனினும் குழந்தைகள் பெரியவர்களை அதட்டி அடக்கிவிட்டார்கள்.

முழங்கால் வலியால் மேலே ஏற இயலாத பெரியவர்களுக்குத் துணையாகக் கீழ்ப்பாதையிலேயே தங்கிவிட்ட இரு இளைஞர்களையும், குடுவை குடுவையாகச் சுக்குக் காப்பி கொண்டுவந்த சகோதரிகளையும், குறித்த நேரத்துக்குச் சற்றுப் பிந்தியும் முகம் சுளிக்காமல் காத்திருந்த பேருந்து ஓட்டுநரையும் நன்றியுடன் நினைக்கிறோம்.

பேருந்தில் விட்டுச் சென்ற ஒரு கைத்தடியும் நீலநிறக் கையுறை ஒற்றையும் எங்களிடம் உள்ளன. உரியவர்கள் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
நடை ஒருங்கிணைப்புக் குழுவினர்