வெட்டு முடிந்த பிறகு ஒரு மணி நேரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

மே 1 அன்று தொழிலாளரான சூசையப்பர் திருநாளுக்கு எங்கள் பங்குக் கோயிலில் மண்வெட்டி, கொத்தனார் கரண்டி, ரப்பர் கத்தி எல்லாவற்றையும் பீடத்தின் முன்னால் வைத்து மந்திரித்தார்கள். 1955-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் ஏற்படுத்திய திருநாள். நல்ல காரியம்தான், என் கத்தியும் அங்கே இருந்தது. மறுநாள் அதை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

26 வருடமாக ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறேன். நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மூன்றரைக்குத் தோட்டத்தில் இறங்கினால் 300 மரம். வெயில் ஏறினால் பால் ஓடாது. வெட்டிக்கொண்டே செபமாலை சொல்வேன்: ஒரு மரத்துக்குப் பரலோக மந்திரம், அடுத்த பத்துக்கு அருள்நிறை மரியே. 55 மரத்தில் ஐந்து பத்து மணியும் முடிந்துவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பாவத்தை ஃபாதரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் ஒருநாள் இதைச் சொன்னபோது வயதான ஃபாதர் ஒருவர், “சரி, பட்டையை எப்படி வெட்டுகிறாய்?” என்று கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை. தோட்டத்து முதலாளி வளைகுடாவில் இருக்கிறார், பார்க்க ஆளில்லை. பால் கூடுதலாக வரட்டும் என்று ஆழமாக இழுப்பேன், கத்தி தடியில் படும். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே கத்தி ஓடாது. அது தெரியவரப் பல வருடம் ஆகும். அதற்குள் நான் வேறு தோட்டத்தில் இருப்பேன்.

“செபமாலையைப் பால் பிடிக்கும் சிரட்டை கழுவும்போது சொல். வெட்டும்போது வெட்டு” என்றார். ஒரு வாரம் ஒரு மரத்தையும் காயப்படுத்தக் கூடாது, அதுதான் பாவத்துக்கு அவர் தந்த அபராதம். அதைவிடக் கஷ்டமான அபராதம் நான் செய்ததில்லை. அப்புறம் ஐந்து வருடம் மாதம் ஒருமுறை அவரிடம் போனேன். கூலிக்கணக்கு, மகளிடம் காட்டும் கோபம், சிரட்டையிலும் பட்டையிலும் உறைந்து ஒட்டும் ஒட்டுப்பாலை எடைபோடுவதில் செய்யும் சில்லறைத் திருட்டு, எல்லாம் பேசுவோம்.

அவர் மாறுதலாகிப் போய்விட்டார். இப்போது பாவசங்கீர்த்தனம் காலைத் திருப்பலிக்கு முன்னால். தியானம் என்றால் வேலைநாளில் 9 முதல் 4 வரை. யாருக்காக?

நம் தேவசகாயம் பிள்ளையும் சாமியார் இல்லை. குடும்பஸ்தர், திருவிதாங்கூர் அரசு உத்தியோகஸ்தர். வீட்டுக் கஷ்டத்தை அவர் சொல்லி அழுதது டிலனாயிடம், குளச்சல் போரில் பிடிபட்டு மன்னரின் படையிலேயே வேலை பார்த்த டச்சுப் படைக்காரரிடம். பைபிளில் துன்பத்தைத் தாங்கிய யோபுவின் கதையை டிலனாய்தான் அவருக்குச் சொன்னார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், 2022-இல் புனிதர் பட்டம். தொடக்கம் வேலை செய்த இடத்தில்.

பங்குத்தந்தையர்களிடம் கேட்பது ஒன்றுதான். வாரத்தில் ஒருநாள் மதியம் இரண்டு மணிக்குக் கோயிலில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். பாலை உறையவைத்து ஷீட் அடித்துப் போட்டுவிட்டு, குளித்துவிட்டு வருகிறோம். மழை பிடித்த நாளில் வெட்டு இல்லை, அன்று காலையிலேயே வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஒரு பால்வெட்டுத் தொழிலாளி,
திருவட்டார் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்