இரண்டு பொட்டலம் மண்

பூம்பாறை,
ஐப்பசி 20

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுதாததற்கு மழைதான் காரணம். இந்த ஐப்பசி மழை கொடைக்கானல் மேல்மலைக்கு வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. மூன்று நாள் கரண்ட் இல்லை, டவரும் இல்லை. வாட்ஸாப்பில் பேசி முடிக்க வேண்டியதைக் கடிதமாக எழுதுகிற ஆள் நீ ஒருத்தன்தான் என்று இங்கே சிரித்தார்கள். இப்போது மெழுகுவத்தி வெளிச்சத்தில் நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

தங்கச்சிக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கெல்லாம் நிம்மதி. மாடிப்படி ஏறவிடாதே. இங்கே எல்லாரும் சௌக்கியம். பேத்திக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. ‘தாத்தா’ என்று கூப்பிட்டால் பாதி காற்றுதான் வருகிறது. முந்தாநாள் ராத்திரி காட்டுமாடு கேரட் பாத்தியில் இறங்கி நின்றது. விரட்டப் போனால் அது நம்மை விரட்டும் என்பதால் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேறென்ன செய்ய.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். காற்றிலிருந்து மண்ணில் சேர்க்கிற கார்பனுக்குக் காசு தருகிற கார்பன் கிரெடிட் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் போனும் கையுமாக உன் முருங்கைத் தோட்டத்துக்கு வந்தார், பத்து வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கிறார் என்று எழுதியிருந்தாய். கூடவே, ‘எனக்கே காசு தருகிறான் என்றால் மண்ணில் ரெண்டு சதவீதத்துக்கு மேல் கரிமம் வைத்திருக்கிற நீ கோடீஸ்வரன்டா’ என்று ஒரு வரி. முப்பது வருஷம் பாங்கில் பயிர்க்கடன் கொடுத்தவன் நீ. கல்லூரியில் படித்த விவசாயத்தை வேலையில் சேர்ந்த அன்றே பாங்க் வாசலில் செருப்போடு கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனாய். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

என் மண் வள அட்டையில் அங்ககக் கரிமம், அதாவது இலை, வேர், எரு மட்கி மண்ணில் தங்குகிற கார்பன், 2.4 சதவீதம், பக்கத்தில் ‘அதிகம்’ என்று போட்டிருப்பது உண்மைதான். அந்த ‘அதிகம்’ எந்தக் கணக்கில் வந்தது என்று பார். 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு. 0.75 வரை மத்திமம். அதைத் தாண்டினால் அதிகம். உன் ஒட்டன்சத்திரத்துச் செம்மண்ணுக்கு இந்த அளவுகோல் சரி. இங்கே குளிர். ஸ்வெட்டர் இல்லாமல் நாமே ராத்திரி முடங்கிப்போகிறோம், மண்ணில் இருக்கிற நுண்ணுயிர் மட்டும் சுறுசுறுப்பாக இருக்குமா? 10 டிகிரி வெப்பம் கூடினால் மட்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ ஆடியில் போட்ட எருவில் பெரும்பகுதி அடுத்த ஆடிக்குள் காற்றோடு போய்விடும். இங்கே சோலைக்குள் விழுந்த இலை அவசரமே இல்லாமல் கறுத்து மண்ணாகும். அதனால் மேல்மலையில் யார் தோட்டத்து மண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அட்டை பெரும்பாலும் ‘அதிகம்’ என்றுதான் சொல்லும். பாதியை இழந்தவனுக்கும் அதிகம், முக்கால்வாசியை இழந்தவனுக்கும் அதிகம்.

இது எனக்கு உறைத்தது 2018-ல், குறிஞ்சி பூத்த வருஷம். எங்கள் மேல்காட்டு ஓரத்தில், கல்கட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நாவல் மரம் நிற்கிறதே, நீ அதனடியில் உட்கார்ந்து சிகரெட் பிடித்து என் அப்பாவிடம் மாட்டிக்கொண்டாயே, அதேதான். அந்த மரத்தடியில் எங்கள் குடும்பத்தில் யாரும் கொத்து வைத்ததில்லை. பூண்டுக் காட்டு மண்ணைப் பரிசோதனைக்கு எடுத்தபோது சும்மா ஒரு ஆசைக்கு அங்கேயும் ஒரு பை எடுத்துச் சேர்த்துக் கொடுத்தேன். 5.8 வந்தது. இரண்டுக்கும் நடுவே பத்தடிகூட இருக்காது. ஒரே சரிவு, ஒரே மழை.

ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு பெரிய முடிவுக்கு வரக்கூடாதுதான். ஆனால் 2002-ல் ஆஸ்திரேலியாவில் இரண்டு ஆய்வாளர்கள் பல நாடுகளில் வெளிவந்த 74 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். இயற்கைக் காட்டை அழித்து விளைநிலமாக்கினால் மண்ணின் கரிமம் சராசரியாக 42 சதவீதம் குறைகிறது. புல்வெளியை உழுதால் 59 சதவீதம். என் கணக்கும் அந்தப் பக்கத்தில்தான் விழுகிறது. காட்டைவிடப் புல்வெளியில் ஏன் இழப்பு அதிகம் என்று முதலில் எனக்கும் விளங்கவில்லை. மன்னவனூர் பக்கம் சாலை வெட்டின இடத்தில் நின்று பார்த்தபோதுதான் புரிந்தது. மேலே புல் ஒரு முழம்கூட இல்லை. கீழே வெட்டுமுகத்தில் கறுப்பு மண் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. வேர் செத்து, அதே இடத்தில் இன்னொரு வேர் முளைத்து, இப்படியே எத்தனை ஆயிரம் வருஷமோ. அதைத் தரிசு என்று எழுதிவைத்து வாட்டில், பைன் மரங்களை நட்டவர்களை என்ன சொல்வது!

நீ அடுத்த முறை வரும்போது ஒரு வேடிக்கை காட்டுகிறேன். இல்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறுக்காது. இரண்டு டீ கிளாஸில் தண்ணீர். நிழலில் காய்ந்த மண்கட்டி, நெல்லிக்காய் அளவில், பூண்டுக் காட்டிலிருந்து ஒன்று, நாவல் மரத்தடியிலிருந்து ஒன்று. இரண்டையும் மெதுவாகப் போட்டேன். பூண்டுக் காட்டுக் கட்டி ஒரு நிமிஷத்துக்குள் பொசபொசவென்று நுரைத்து, விளிம்பு உதிர்ந்து, அடியில் சேறாகப் படிந்துவிட்டது; தண்ணீர் டீ நிறம். மரத்தடிக் கட்டி இரண்டு காற்றுக்குமிழியை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. காலையில் எழுந்து பார்த்தாலும் கட்டி கட்டியாகவே இருந்தது. பேத்தி விரலை விட்டு எடுத்து, ‘தாத்தா, இது கரையவே மாட்டேங்குது’ என்றாள். என் மனைவி கிளாஸ் போச்சு என்று திட்டினாள்.

மாப்ளே, விஷயமே அதில்தான் இருக்கிறது. அந்தக் கட்டியைப் பிடித்து வைத்திருக்கிற பசை கரிமம்தான். அந்தக் கட்டிக்குள்தான் கரிமம் நுண்ணுயிரின் வாய்க்கு எட்டாமல் ஒளிந்தும் இருக்கிறது. கொத்திக் கட்டியை உடைத்தால் ஒளிந்திருந்தது வெளியே வரும், நுண்ணுயிர் அதைத் தின்று மூச்சாக விட்டுவிடும். கரிமம் போனால் கட்டி நிற்காது, அடுத்த மழைக்கு மண்ணும் போகும். நாங்கள் என்ன பயிர் வைக்கிறோம் என்று யோசித்துப் பார். உருளை, கேரட், பூண்டு. மூன்றுக்கும் நடுவதற்கு ஒரு கொத்து. அறுவடை என்றாலும் தோண்டுவதுதான். நெல்லில் தாளாவது வயலில் நிற்கும். பூண்டில் வேரோடு, இலையோடு பிடுங்கிக் கட்டுக்கட்டாக வீட்டுக்குக் கொண்டுபோய்க் காயவைத்து வடுகபட்டி சந்தைக்கு அனுப்புகிறோம். காட்டில் மிஞ்சுவது எங்கள் கால்தடம் மட்டும். அதிலும் ஊரில் ஒரு பெருமை, காடு துடைத்தாற்போல் சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு செத்தை கிடந்தால் சோம்பேறி என்று பெயர். அப்படித் துடைத்துவைத்த பாத்தியில்தான் ஐப்பசி மழை நேராக விழுகிறது. இப்போது வாசலில் நின்றால் ஓடையில் ஓடுகிற தண்ணீரின் நிறம் தெரிகிறது. அந்த டீ கிளாஸ் நிறமேதான்.

உரம் போட்டால் சரியாகிவிடாதா என்று கேட்பாய். நீயும் எத்தனை பேருக்கு உரக்கடன் கொடுத்திருப்பாய்! எங்கள் மண் புளிப்பு, பி.எச். ஐந்தை ஒட்டித்தான் இருக்கும். போடுகிற மணிச்சத்தை, அதான் பாஸ்பரஸை, இந்த மண்ணில் இருக்கிற இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும், செடிக்கு விடாது. யூரியாவும் அமோனியம் சல்பேட்டும் போடப்போட இன்னும் புளிக்கும். இந்த மண்ணில் இருக்கிற களிக்கும் சத்தைப் பிடித்து வைக்கிற சக்தி கம்மி. அந்த வேலையைப் பெரும்பாலும் மட்குதான் செய்கிறது, அலுமினியத்தை அடக்கி வைப்பதும் அதுவே. மட்கு குறைந்த காட்டில் அதே விளைச்சலுக்கு வருஷாவருஷம் ஒரு மூட்டை கூடக் கொட்ட வேண்டியிருக்கிறது. அப்பா காலத்துக் கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது, எடுத்துப் பார்த்தால் வயிறு கலங்கும்.

நான் சும்மா இருக்கவில்லை. மேல்காட்டில் முப்பது சென்ட் படி நிலம் ஒன்றை ஒதுக்கி, கரிமத்தை ஏற்றிக்காட்டுகிறேன் என்று இறங்கினேன். முதல் வருஷமே மூக்கறுபட்டேன். மர அறுவையில் தூள் சும்மா கிடைக்கிறதே என்று குதிரையில் இருபது மூட்டை ஏற்றிவந்து கொட்டி மண்ணோடு கலந்துவிட்டேன். மரத்தூளில் கரிமம் மலைபோல், தழைச்சத்தான நைட்ரஜன் கடுகளவு. அதைத் தின்ன வந்த நுண்ணுயிர் மண்ணில் இருந்த தழைச்சத்தையெல்லாம் தானே எடுத்துக்கொண்டது. பூண்டு நுனியிலிருந்து மஞ்சளாகி, தை மாதத்தில் ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. ‘படிச்சவன் காடு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள், இன்னும் அதுதான் பெயர். தேர்வில் இதே கேள்விக்கு நான் முழு மதிப்பெண் வாங்கியவன் என்பதை யாரிடமும் சொல்லாதே.

அப்புறம் நிதானத்துக்கு வந்தேன். பூண்டு எடுத்தபின் காட்டை வெறுமனே விடாமல் பட்டாணி போட்டேன். காய் பறித்ததும் கொடியைப் பிடுங்காமல் தரையோடு அறுத்து அங்கேயே பரப்பினேன். வேர் உள்ளேயே இருக்கட்டும் என்று. கோடையில் ஆட்டுக்கிடை போட்டேன். புளிப்பைக் குறைக்க டோலமைட் சுண்ணாம்பு கொஞ்சம். பாத்தியைச் சரிவு வாக்கில் இழுக்காமல் குறுக்கே போட்டேன். ஏழு வருஷம். போன பங்குனியில் எடுத்த மாதிரியில் 2.7. அதாவது 0.3 கூடியிருக்கிறது. அதுகூட நிஜமான ஏற்றமா, மண் எடுத்த இடத்தின் வித்தியாசமா என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் டீ கிளாஸில் அந்தக் கட்டி இப்போது அரைமணி நேரம் தாங்குகிறது. எனக்கு அது போதும்.

இனி உன் ஒப்பந்தம். உன் செம்மண் கனமானது, ஓர் ஏக்கரில் ஓரடி ஆழத்துக்கு ஏறக்குறைய 1,800 டன் மண் இருக்கும். அதில் கரிமம் 0.1 சதவீதம் ஏறினால் 1.8 டன்; கார்பன் டை ஆக்சைடாக மாற்றினால் ஆறரை டன்னுக்குக் கொஞ்சம் மேல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உன் தோட்டத்திலேயே முருங்கை மரத்தடிக்கும் பாதை ஓரத்துக்கும் 0.1-ஐ விட அதிக வித்தியாசம் இருக்குமே, அந்த ஆள் எதை அளக்கப்போகிறார்? எத்தனை இடத்தில், எத்தனை ஆழத்துக்கு மண் எடுப்பார்கள் என்று கேள். மேலாக அரையடி மட்டும் எடுத்தால் ஏறியது போலவே தெரியும், ஏனென்றால் உழாமல் விட்டால் கரிமம் மேல்தட்டில் வந்து குவியும். நாலாம் வருஷம் உன் மகன் டிராக்டர் விட்டு உழுதுவிட்டால் வாங்கின காசை யார் திருப்பிக் கொடுப்பது என்றும் கேள். ஒரு பசுமாட்டுக் கடனுக்கு எத்தனை கையெழுத்து வாங்கினாய், இதற்கு மட்டும் போன் திரையில் விரலை வைத்துவிடாதே.

இன்னொன்று. எரு போட்டு ஏற்றினால் கணக்கு ஏறும், வாஸ்தவம். அந்த எரு எங்கிருந்து வந்தது? என் காட்டில் கிடைபோட்ட ஆடு எங்கேயோ மேய்ந்து கொண்டுவந்ததுதான் என் 0.3. ஓர் இடத்துக் கரிமத்தை இன்னோர் இடத்துக்கு மாற்றிவிட்டு, வானத்திலிருந்து இறக்கினேன் என்று நான் காசு வாங்கினால் அது எனக்கே கூசும். மண்ணுக்கு நல்லது, அதில் சந்தேகமே இல்லை. விற்கிற சரக்கு என்று சொல்லத்தான் நாக்கு வரவில்லை. நீ வேறு மாதிரி நினைத்தால் எழுது, சண்டை போடலாம்.

எருவைப் பற்றிக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்ற இடத்தில் ஒரு பார்லி வயல். 1852 முதல் 1871 வரை வருஷம் தவறாமல் தொழுவுரம் போட்டு, பிறகு நிறுத்திவிட்டார்கள். நூறு வருஷம் கழித்து அளந்தபோதும் அந்தத் துண்டில் கரிமம் பக்கத்துத் துண்டைவிடக் கூடுதலாகவே இருந்திருக்கிறது. போட்டவர் பேரன் காலமும் போய்விட்டது. நம் கோயம்புத்தூரிலேயே 1909-ல் தொடங்கின எருப் பரிசோதனை வயல் இருக்கிறது. நம்மை அழைத்துப்போய்க் காட்டினார்கள். நீ வரப்பில் நின்று ராயல் தியேட்டரில் என்ன படம் என்று கேட்டுக்கொண்டிருந்தாய். நானும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். இப்போது போய்ப் பார்க்கலாமா? தங்கச்சி கால் சரியானதும் சொல், சேர்ந்தே போவோம்.

நாளை மழை விட்டால் பக்கத்து வீட்டுப் பையன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கேரட் ஏற்றிக்கொண்டு வருகிறான். அவனிடம் இரண்டு கிலோ பூண்டு கொடுத்தனுப்புகிறேன், சின்னப் பல்லாக இருக்கிறதே என்று தூக்கிப்போடாதே, மலைப்பூண்டு அப்படித்தான் காரமாக இருக்கும். கூடவே இரண்டு பொட்டலம் மண் இருக்கும். எது எந்த இடத்து மண் என்று மேலே எழுதவில்லை. கொஞ்சம் தண்ணீர் தெளித்து முகர்ந்து பார்த்து, எது நாவல் மரத்தடி மண் என்று நீயே எழுது.

இப்படிக்கு
உன் மச்சான்