பசியாறியதற்குப் படிவத்தில் இடமில்லை

கோலாலம்பூர் வட்டாரத்து அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் பொது சுகாதாரம் கற்பிக்கும் பேராசிரியர்களுக்கும், மாணவர்களின் ஆய்வு முன்மொழிவுகளைப் பார்த்துக் கையெழுத்திடும் குழுவினருக்கும்,

வணக்கம்.

உங்களில் ஒருவரிடம் முதுகலை படிப்பவன் நான். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு அதிலேயே நின்றுவிடும். கேட்க வந்தது ஒன்றுதான். முன்மொழிவுகளில் 'விலக்கப்படுவோர்' என்ற தலைப்பின் கீழ் "மலாய் மொழி தெரியாதவர்கள்" என்று ஒரு வரி வழக்கமாக வருகிறது. இனி அந்த வரியைப் பார்த்தால் ஏன் என்று கேளுங்கள்.

என் முன்மொழிவிலும் அது இருந்தது. சீனியர் ஒருவருடையதைப் பார்த்து எழுதினேன், அதுவும் கூடவே வந்துவிட்டது. யாரும் கேள்வி எழுப்பவில்லை. எனக்கும் உறைக்கவில்லை, அந்தச் சனிக்கிழமை வரை.

வகுப்புக் களப்பணிக்காக ஒரு பிபிஆர் (குறைந்த வருமானத்தினருக்கான அரசாங்கக் குடியிருப்பு) அடுக்குமாடிக்குப் போயிருந்தோம். லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஒன்பதாம் மாடியில் ஓர் ஆன்ட்டி, வயது அறுபதை நெருங்கும், அலுவலகக் கட்டடம் ஒன்றில் துப்புரவு வேலை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். கடையில் பேரம் பேசும் அளவுக்கு மலாய் வரும், அதற்கு மேல் வராது. என் வகுப்புத் தோழி மலாயில் கேட்க, இரண்டாம் படிவம் படிக்கும் பேத்தி தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். சிறுநீர் தொடர்பான கேள்விகள் வந்தன. பிள்ளை பாட்டியின் முகத்தைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள், பாட்டியிடம் கேட்காமலேயே "தாக் அடா" என்றாள். தோழி 'இல்லை' கட்டத்தில் கோடு போட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பிள்ளையையும்தான்.

பிறகு நான் தமிழ்ப் படிவத்தை எடுத்தேன். ஆமாம், தமிழ்ப் படிவமும் இருக்கிறது. "வாரத்தில் எத்தனை நாள் காலை உணவு உட்கொள்கிறீர்கள்?"

"காலையில ஏது தம்பி சாப்பாடு? மத்தியானம் ஒரு வேளைதான் சோறு."

0 என்று எழுதினேன். அடுத்தது, "கடந்த 7 நாட்களில் எத்தனை நாள் மிதமான உடல் செயல்பாட்டில் ஈடுபட்டீர்கள்?" அவர் சிரித்தார். எக்சசைஸ் செய்ய எங்கே நேரம் என்றார். அதற்கும் 0. நாள் முழுவதும் தரை துடைத்துவிட்டு ஒன்பது மாடி ஏறி வீட்டுக்கு வருபவர்.

எழுந்தபோது விடவில்லை. "பசியாறிட்டுப் போங்க" என்று கீழ்க்கடையில் வாங்கி வைத்திருந்த ரொட்டி சானாயைப் பிரித்து வைத்தார். அவர் பாதி குடித்து வைத்த தே, அதாவது தேநீர், கண்ணாடிக் குவளையில் இருந்தது, அடியில் கெட்டிப்பால் தங்கியிருந்தது. தினமும் இதுதானா என்று கேட்டேன். "பின்னே? பசியாறாம வேலைக்குப் போக முடியுமா?"

இந்த நாட்டுத் தமிழில் காலையில் சாப்பிடுவது பசியாறுவது. சாப்பாடு என்றால் சோறு. வீட்டில் நானும் அப்படித்தான் பேசுகிறேன். படிவம் கையில் வந்ததும் மறந்துபோனேன். ஓரத்தில் பென்சிலால் 'தினமும் பசியாறுகிறார், ரொட்டி சானாய், இனிப்புத் தே' என்று எழுதி வைத்தேன். தரவைக் கணினியில் ஏற்றியபோது ஓரத்துக்குக் கட்டம் இல்லை. 0 என்றே போயிற்று.

இந்தப் படிவம் முறைப்படி மொழிபெயர்க்கப்பட்டதுதானே என்பீர்கள். ஒருவர் தமிழாக்கி, இன்னொருவர் அதைத் திரும்ப மூல மொழிக்குக் கொண்டுபோய், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததுதான். 'காலை உணவு' அந்தச் சோதனையில் எப்படித் தோற்கும்? படித்த இருவருக்கும் அதன் பொருள் ஒன்றே. ஆன்ட்டிக்குப் புரிகிறதா என்று அந்த முறை கேட்பதே இல்லை. அதற்கான வழியையும் நீங்களேதான் வகுப்பில் சொல்லிக் கொடுத்தீர்கள்: களத்துக்குப் போகுமுன் ஏழெட்டுப் பேரிடம் கேள்வியை வாசித்து, 'இதை எப்படிப் புரிந்துகொண்டீர்கள், உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்' என்று கேட்பது. தமிழ்ப் படிவத்துக்கு மட்டும் அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. விரலில் குத்தி எடுத்த ரத்தத்துக்கு மொழி தேவைப்படவில்லை. ஏன் இவ்வளவு என்று கேட்கும்போதுதான் தேவைப்படுகிறது. மலாய் வராதவர்கள் என்று நாம் விலக்குவது பெரும்பாலும் யாரை? தோட்டத்திலிருந்து வந்த வயதானவர்களை, அதிலும் பெண்களை. மருந்துப் பையோடு மாதாமாதம் கிளினிக்கில் உட்கார்ந்திருப்பவர்களை.

'சுக்கு சுக்கு செபாரோ' (மலாயில் 'கால், கால், பாதி') என்ற சுகாதாரச் சுவரொட்டியை எங்கள் அம்மா முதலில் கஷாய விளம்பரம் என்றே நினைத்தார். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ இறைச்சியோ, பாதி காய்கறி பழம் என்று நான் விளக்கிய பிறகு, "அதைச் சொல்றதுக்கு எதுக்குடா சுக்கு?" என்றார்.

வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் பற்றிய பாடத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1905-இல் இதே கோலாலம்பூரில், மனநோயாளர் காப்பகத்தில், டாக்டர் பிளெட்சர் ஒரு பிரிவினருக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும் இன்னொரு பிரிவினருக்கு இந்தியப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். வெள்ளை அரிசி தின்றவர்களிடையே பெரிபெரி பரவியது, இறந்தவர்களும் உண்டு. புழுங்கல் அரிசிப் பக்கம் நோய் அநேகமாக எட்டிப் பார்க்கவில்லை. (அந்த நோயாளிகளிடம் யார் சம்மதம் கேட்டார்கள் என்பது வேறு விவாதம். அதை நீங்கள் வகுப்பில் தவிர்க்காமல் பேசியதற்கு நன்றி.) புழுங்கல் அரிசி தின்னும் தமிழ்த் தொழிலாளர்களுக்கு அந்த நோய் வருவதில்லை என்பதை டாக்டர் பிராடன் அதற்கு முன்பே கவனித்திருந்தார். வைட்டமின் பி1 என்ற பெயர்கூட இல்லாத காலம். வகுப்புத் திரையில் அது 'பதப்படுத்திய அரிசி' என்று வந்தது. அது என்ன அரிசி என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டபோது, எங்கள் பாட்டி இட்லிக்கு ஊறப்போடுவது என்றேன். இந்தத் துறையின் பழைய கண்டுபிடிப்பு ஒன்று தமிழர்களின் சோற்றுத் தட்டைப் பார்த்ததால் வந்தது. இன்று அதே தட்டைப் பற்றிக் கேட்க நம்மிடம் சரியான சொல் இல்லை.

செலவு அதிகமாகும் என்ற பதில் வரும். அவ்வளவு ஆகாது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956-இல் தொடங்கிய இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. அங்குள்ளவர்களைக் கேட்டாலே பேச்சுத் தமிழில் படிவத்தைத் திருத்தித் தருவார்கள். உங்கள் வகுப்புகளிலேயே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் இருக்கிறார்கள். எங்களிலும் பலர் ஆறாம் ஆண்டோடு தமிழை விட்டவர்கள்தான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பசியாறலுக்கு எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) தமிழ் வேண்டாம். ஆள் கிடைக்கவே இல்லை என்றால் விலக்குங்கள். எத்தனை பேர் விடுபட்டார்கள் என்பதை ஆய்வேட்டில் எண்ணாக எழுத வையுங்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதை மட்டும் இன்றே நிறுத்தலாம்.

என் முன்மொழிவில் அந்த வரியை அடித்துவிட்டுத் திருத்தம் அனுப்பியிருக்கிறேன். கூடுதலாக ஆறு வாரம் கேட்டு, காரணம் என்ற கட்டத்தில் 'தமிழில் கேட்க' என்று எழுதியிருக்கிறேன். அது இப்போது உங்களில் ஒருவருடைய மேசையில் இருக்கிறது.

இப்படிக்கு,
பொது சுகாதார முதுகலை மாணவன்,
கோலாலம்பூர்