புதிய பாடலைப் பதிவு செய்வது மறைந்தவருக்குச் செய்யும் துரோகம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெடுநாள் உறுப்பினரை இழந்த பிறகும் புதிய பாடல்களைப் பதிவு செய்து வெளியிடும் மூத்த ராக் இசைக்குழுக்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தன் டிரம் கலைஞர் சார்லி வாட்ஸ் மறைந்தபின் 2023 அக்டோபரில் வெளியிட்ட ‘ஹாக்னி டயமண்ட்ஸ்’ தொகுப்பை எடுத்துக்காட்டி, இவையெல்லாம் பழைய பெயரை வைத்து நடக்கும் வியாபாரம் என்றும், குழுவைக் கலைத்துவிடுவதுதான் மறைந்தவருக்குச் செய்யும் மரியாதை என்றும் கட்டுரையாளர் முடித்திருந்தார். இந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. கட்டுரையில் விடுபட்டுப்போன செய்திகளையும் சேர்த்துப் பார்த்தால் தங்கள் வாசகர்கள் பலரும் ஏற்கத் தயங்குவார்கள் என்று நம்புவதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ராமேசுவரம் தீவில் இருக்கும் ஒருவருக்கு இங்கிலாந்து ராக் குழுவின் மேல் என்ன அக்கறை என்று சிலர் நினைக்கலாம். எங்கள் கரையில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு அது வியப்பான செய்தி அல்ல. உள்நாட்டு நிலையங்களைக் காட்டிலும் கடலுக்கு அப்பால் இருந்த இலங்கை வானொலிதான் எங்கள் வீடுகளில் தெளிவாகக் கேட்டது. தமிழ்ச் சேவையில் திரைப்பாடல் முடிந்ததும் முள்ளைத் திருப்பினால் ஆங்கிலச் சேவை கிடைக்கும். பீட்டில்ஸும் ரோலிங் ஸ்டோன்ஸும் அப்படித்தான் எங்கள் திண்ணைக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தப் பாடல்களைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் கிதார் பழகினேன். பின்னர் எங்கள் பங்குத் தேவாலயத்தின் பாடகர் குழுவிலும், ஊர்த் திருவிழாக்களில் பாடும் ஒரு மெல்லிசைக் குழுவிலும் பல ஆண்டுகள் வாசித்தேன்.

முதலில் ஒரு திருத்தம். சார்லி வாட்ஸ் இல்லாமலே உருவான தொகுப்பு என்ற எண்ணத்தைக் கட்டுரை தருகிறது. அது சரியன்று. அதிலுள்ள 12 பாடல்களில் ஏழாவதற்கும் எட்டாவதற்கும் டிரம் வாசித்திருப்பவர் வாட்ஸ்தான். 2019-இல், அவர் இருந்தபோதே பதிவு செய்யப்பட்ட வாசிப்பு அது. எட்டாவது பாடலில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. 1990-களின் தொடக்கத்திலேயே குழுவை விட்டு விலகிவிட்ட பேஸ் கிதார் கலைஞர் பில் வைமனை அழைத்து, வாட்ஸின் அந்தத் தாளத்துக்கு வாசிக்க வைத்திருக்கிறார்கள். முப்பது ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் நின்று வாசித்த இருவர், ஒருவர் மறைந்த பிறகு ஒரு புதிய பாடலில் மீண்டும் சேர்ந்திருக்கிறார்கள். வியாபாரம் மட்டுமே நோக்கம் என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டிய தேவை எதுவும் இல்லை.

டிரம் உள்ள மற்றப் பாடல்களுக்கு வாசித்தவர் ஸ்டீவ் ஜோர்டன். அவரும் வாடகைக்கு வந்த கலைஞர் அல்லர். 1980-களின் இறுதியில் குழுவின் கிதார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் தனியாகப் பாடல் தொகுப்பு வெளியிட்டபோதே உடன் வாசித்தவர். 2021-இல் உடல்நிலை காரணமாக வாட்ஸால் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்குப் போக முடியாது என்றானபோது அவரது இடத்தில் ஜோர்டன் வாசிப்பார் என்று அறிவிக்கப்பட்டது. தனக்கு ஏதேனும் நேர்ந்தால் ஜோர்டனை வைத்துக்கொள்ளும்படி வாட்ஸே சொல்லியிருந்ததாக ரிச்சர்ட்ஸ் பின்னர் தெரிவித்திருக்கிறார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று வாட்ஸ் தம் 80-ஆம் வயதில் காலமானார். செப்டம்பர் இறுதியில் செயின்ட் லூயிஸ் நகரில் பயணம் தொடங்கியபோது, மேடையில் ஆளே இல்லாமல் டிரம் ஒலி மட்டும் கேட்க, திரையில் வாட்ஸின் படங்கள் வரிசையாகத் தோன்றிய பிறகுதான் மற்றவர்கள் மேடையேறினார்கள்.

வாட்ஸின் கையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தெரிந்தால்தான் அந்தக் குழு எதை இழந்தது என்பது புரியும். லண்டனில் பிறந்து, வரைகலை பயின்று, விளம்பரத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்த அவர், 1963 ஜனவரியில் ரோலிங் ஸ்டோன்ஸில் சேர்ந்தார். இறக்கும்வரை, ஏறத்தாழ 58 ஆண்டுகள் அதிலேயே இருந்தார். பொதுவாக டிரம் வாசிப்பவர்கள் வலக்கையால் ஹை-ஹாட் என்ற இரட்டை உலோகத் தட்டை விடாமல் தட்டிக்கொண்டே, இரண்டாம் நான்காம் அடிகளில் இடக்கையால் ஸ்நேர் என்ற சிறிய டிரம்மை அடிப்பார்கள். அந்த அடிகளில் தட்டும் ஸ்நேரும் சேர்ந்தே ஒலிக்கும். வாட்ஸ் அப்படிச் செய்வதில்லை. ஸ்நேரில் அடி விழும் அந்தக் கணத்தில் வலக்கைக் குச்சியைத் தட்டிலிருந்து மேலே எடுத்துவிடுவார். அதனால் ஸ்நேரின் ஒலி துணையின்றித் தனியாக விழும். அதைச் சுற்றி மூச்சு விடும் அளவுக்கு ஓர் இடைவெளி இருக்கும். பழைய நிகழ்ச்சிப் பதிவு எதிலும் அவருடைய வலது மணிக்கட்டை மட்டும் கவனித்தால் யாரும் இதைக் காணலாம். ரிச்சர்ட்ஸின் கிதார் முன்னே போக, இவர் அதை ஒட்டி ஒரு மயிரிழை பின்தங்கி வருவார். அந்தக் குழுவின் பாடல்களுக்கென்றே இருக்கும் அசைவு இந்த இருவருக்கும் நடுவில் உண்டானது.

இப்படிப்பட்டவர் போன பின்பு பழைய பாடல்களை மேடையில் வாசிப்பது ஒப்புநோக்க எளிது. அவர் வாசித்தது முழுவதும் ஒலிநாடாவில் இருக்கிறது. திறமையுள்ள எவரும் அதைக் கேட்டுப் படித்து வாசித்துவிடலாம், கேட்பவர்களும் பழைய நினைவைக் கொண்டு மிச்சத்தை நிரப்பிக்கொள்வார்கள். புதிய பாடலுக்கு அந்த வசதி கிடையாது. பின்பற்றுவதற்கு இறந்தவரின் வாசிப்பு எதுவும் இல்லாத ஒரு பாடலை எடுத்துக்கொண்டு, அவர் இல்லாத அறையில் உட்கார்ந்து, இந்த இடத்தில் என்ன அடி விழ வேண்டும் என்று மற்றவர்கள் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அவர் போய்விட்டார் என்பதைக் குழு உண்மையாகவே ஏற்றுக்கொண்டாக வேண்டிய இடம் அதுதான். கட்டுரையாளரோ பழைய பாடல்களோடு சுற்றுப்பயணம் போவதைப் பொறுத்துக்கொள்கிறார், புதிய பதிவைத்தான் குற்றம் என்கிறார். என் அனுபவத்தில் துக்கத்தின் பெரும்பாரம் புதிய பதிவில்தான் இருக்கிறது.

இதை நான் நேரில் கண்டிருக்கிறேன். மாதா கோவில் திருவிழா, முளைப்பாரி, கந்தூரி என்று எங்கள் கரையில் எந்த விழாவானாலும் மெல்லிசைக் கச்சேரி இருக்கும். எங்கள் குழுவில் பாதிப்பேர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில்தான் ஒத்திகைக்கு எல்லோரும் ஒருசேரக் கிடைப்பார்கள். குழு தொடங்கிய நாளிலிருந்து டிரம் வாசித்த அண்ணன் ஒருநாள் திடீரென்று காலமானார். ஒப்புக்கொண்ட கச்சேரிகளுக்கு வெளியூரிலிருந்து ஒரு கலைஞரை வரவழைத்தோம். அவர் ஒவ்வொரு திரைப்பாடலையும் அச்சுப் பிசகாமல் வாசித்தார். கூட்டமும் குறைவில்லாமல் ரசித்தது. எங்களுக்கும் நாள் ஓடியது. பின்னர் திருவிழாவுக்காக நாங்களே எழுதி மெட்டமைத்த ஒரு மாதா பாடலைப் பதிவு செய்ய உட்கார்ந்தபோதுதான் ஒருவராலும் தொடங்க முடியவில்லை. அண்ணனிடம் படித்த பையனை டிரம்முக்கு உட்கார வைத்திருந்தோம். முதல் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் அவன் குச்சியை மடியில் வைத்துக்கொண்டு, “அண்ணன் இருந்திருந்தா இந்த எடத்துல என்ன வாசிச்சிருப்பாரு?” என்று கேட்டான். கீபோர்டு வாசிப்பவர் ஒன்று சொன்னார், பாடுகிறவர் வேறொன்று சொன்னார், நான் மூன்றாவதாக ஒன்று சொன்னேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் கூடவே இருந்த எங்களில் எவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. கடைசியில் அந்த இடத்தில் ஒன்றும் அடிக்காமல் நாலு மாத்திரை விட்டுவிட்டுப் பல்லவியை எடுக்கலாம் என்று பையனே சொன்னான். அப்படியே பதிவு செய்தோம். அண்ணன் இறந்ததற்காக நாங்கள் எல்லோரும் சேர்ந்து அழுதது அந்த இரவில்தான், அடக்கத்தன்று அல்ல. அந்தப் பாடலை அண்ணனுக்குச் செய்த துரோகம் என்று யாரேனும் சொன்னால் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

எல்லாக் குழுவும் தொடர்ந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1980-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துப் பார்ப்போம். அந்த பிப்ரவரியில் ஏ.சி. டி.சி. குழுவின் பாடகர் பான் ஸ்காட் இறந்தார். குழுவினர் பிரையன் ஜான்சனைச் சேர்த்துக்கொண்டு பகாமாஸ் தீவுக்குப் போய்ப் பதிவு செய்த தொகுப்பு அதே ஆண்டு ஜூலை இறுதியில் வெளிவந்தது. அதன் அட்டை துக்கத்துக்கு அடையாளமாக முழுக் கறுப்பு. முதல் பாடல் மணியோசையோடு தொடங்குகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் லெட் செப்பலின் குழுவின் டிரம் கலைஞர் ஜான் பானம் இறந்தார். மற்ற மூவரும் டிசம்பர் 4 அன்று, இனித் தொடர முடியாது என்று அறிக்கை வெளியிட்டுக் குழுவை முடித்துக்கொண்டார்கள். இரண்டுமே மரியாதையான முடிவுகள்தான். ஜான் பானம் இல்லாமல் தங்களால் இயலாது என்று மூவரும் உணர்ந்தார்கள், விட்டுவிட்டார்கள். அந்த முடிவை எடுக்கும் உரிமை உடன் வாசித்தவர்களுக்கு உண்டு. வெளியிலிருந்து கேட்கும் நமக்கு அது கிடையாது.

அதே ஏ.சி. டி.சி. குழுவுக்கு இரண்டாம் முறையும் இழப்பு வந்தது. குழுவைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரான மால்கம் யங், மறதிநோய் காரணமாக 2014-இல் விலகி, 2017 நவம்பரில் மறைந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து வந்த புதிய தொகுப்பை அவருக்கே காணிக்கையாக்கினார்கள். அண்ணனும் தம்பியும் முன்பு சேர்த்து வைத்துப் பயன்படுத்தாமல் விட்டிருந்த மெட்டுகளிலிருந்து தம்பி அங்கஸ் யங் அந்தப் பாடல்களை உருவாக்கியதால், எல்லாப் பாடல்களுக்கும் இருவர் பெயரும் சேர்ந்தே போடப்பட்டிருக்கின்றன. மால்கமின் இடத்தில் கிதார் வாசித்தவர் அவர்களுடைய அண்ணன் மகன் ஸ்டீவி யங். ஃபூ ஃபைட்டர்ஸ் குழுவில் டிரம் கலைஞர் டெய்லர் ஹாக்கின்ஸ் 2022 மார்ச்சில் மறைந்தபோது, அடுத்த ஆண்டு வந்த தொகுப்பில் குழுத் தலைவர் டேவ் க்ரோலே டிரம்மும் வாசித்துவிட்டார். நண்பனின் இருக்கையில் அந்தப் பாடல்களுக்காக வேறொருவரை அமர்த்த அவருக்கு மனம் வரவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு வகைப் பதிவில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. ஹாக்னி டயமண்ட்ஸ் வந்த இரு வாரங்களுக்குள், பீட்டில்ஸின் கடைசிப் பாடல் என்று ஒன்று வெளியானது. அந்தக் குழுவின் மறைந்த பாடகர் ஜான் லென்னன் 1970-களின் இறுதியில் வீட்டில் பியானோவோடு பாடி வைத்திருந்த ஒலிநாடாவிலிருந்து அவர் குரலைக் கணினி கொண்டு தனியே பிரித்தெடுத்து அதை உருவாக்கினார்கள். அந்தப் பாடல் எனக்கும் பிடித்தது. ஆனாலும், முடிக்காமல் வைத்துவிட்டுப் போன ஒன்றை முடித்து வெளியிடுவதற்கும், வாட்ஸ் குழுவோடு இருந்து வாசித்த பதிவைப் பயன்படுத்துவதற்கும் வேறுபாடு இருக்கிறது. கட்டுரையாளர் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார்.

பணத்தைப் பற்றிய குற்றச்சாட்டுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஹாக்னி டயமண்ட்ஸுக்கு முன்னால் ரோலிங் ஸ்டோன்ஸ் தாங்களே எழுதிய பாடல்களோடு ஒரு முழுத் தொகுப்பு வெளியிட்டது 2005-இல். இடைப்பட்ட 18 ஆண்டுகளும் அவர்கள் பழைய பாடல்களைக் கொண்டே பெரிய மைதானங்களை நிரப்பினார்கள். பணம்தான் குறி என்றால் அதையே தொடர்ந்திருக்கலாம். குழுவின் பாடகர் மிக் ஜாகர் 80 வயதில் புதிய பாடல் எழுதிப் பாடி விமரிசகர்கள் முன்னால் வைத்திருக்கத் தேவையில்லை. அந்தத் தொகுப்பின் கடைசிப் பாடலைக் கட்டுரையாளர் முழுதாகக் கேட்டாரா என்று அறிய விரும்புகிறேன். குழு தன் பெயரை எடுத்துக்கொண்ட மடி வாட்டர்ஸின் பழைய புளூஸ் பாடல் அது. ஜாகரும் ரிச்சர்ட்ஸும் மட்டும், குரலும் ஹார்மோனிகாவும் கிதாருமாக வாசித்திருக்கிறார்கள். டிரம் இல்லை.

எனவே ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஏழாவது, எட்டாவது பாடல்களில் வாசித்திருப்பவர் சார்லி வாட்ஸ் என்பதை அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தமாக வெளியிடுங்கள். இனி இசைத் தொகுப்புகளைப் பற்றி எழுதும்போது, ராக் ஆனாலும் நம் ஊர்ப் பாடல் ஆனாலும், பாடியவர் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல், எந்தப் பாடலுக்கு யார் டிரம், யார் பேஸ், யார் தபேலா என்ற விவரத்தையும் ஒரு வரியில் சேர்த்துப் போடுங்கள். தாளம் வாசிப்பவரின் பெயர் அவர் இறந்த செய்தியில் மட்டுமே முதன்முதலாக அச்சாகும் நிலை, வெளிநாட்டுக் கலைஞர்களைவிட நம் கலைஞர்களுக்கே மிகுதி.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.